ஒரே தாளத்துக்கு ஒன்பது தொண்டை

மூன்றாவது பாட்டும் அதே மாதிரி ஆரம்பித்ததும் ஜெயகரன் சோற்றுக் கையோடு எழுந்து டேப்ரிகார்டரை நிறுத்தினான்.

"ஜெபா, இங்க வா. இது மொத பாட்டு. இது ரெண்டாவது. இது மூணாவது. எதுனா வித்தியாசம் தெரியுதா?"

ரசத்தை ஊற்ற வந்த அவன் மனைவி ஜெபகனி கரண்டியைப் பிடித்தபடியே மூன்றையும் கேட்டாள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், காது சுத்தம்.

"பாடுறவங்க வேறங்க."

"பாடுறவன வுடு. மேளத்த கேளு."

"மேளம் ஒண்ணுதான்."

"அதான் சொல்றேன்! கித்தாரு, மேளம், எல்லாம் ஒண்ணே. ஒரே பாட்ட பத்து தபா புடிச்சி என் தலையில மொளகா அரைச்சிட்டான் அந்த சத்தார் பாய்."

"சாப்ட்டுட்டுப் போங்க."

"சாப்பாடு எறங்காது எனக்கு. கேசட்டு யாரோடதுன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஆம்பூரில் அந்த வாரம் அதைத் தெரியாதவர்களே கிடையாது. கேசட் டெல்ராய் துரையுடையது. ஜெயகரன் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் வேலை செய்யும் கம்பெனியின் சரக்கைச் சோதிக்க லண்டனிலிருந்து வந்திருந்தவர். லண்டன் துரை என்றதும் ஊர் வெள்ளையாக ஒருவரை எதிர்பார்த்து நின்றது. காரிலிருந்து இறங்கியவரோ நல்ல கறுப்பு. பிறந்தது ஜமைக்கா தீவாம். கேன்டீன் ரங்கம்மாளுக்கு அவர் ஒடுகத்தூரில் இருக்கும் தன் கொழுந்தனை அப்படியே உரித்து வைத்த மாதிரி தெரிந்ததால், வந்த நாளிலிருந்து அவரிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் சரக்கு விஷயத்தில் தலையாட்டுகிற ஆள் இல்லை. போன வருஷம் தையலில் ஒரு இழை விட்டுப்போனதற்காகப் பக்கத்துக் கம்பெனியின் முழு லாட்டையும் லண்டனில் இருந்தபடியே திருப்பி அடித்தவர். இந்த முறை ஜெயகரனின் கம்பெனியில் நாற்பது சொச்சம் பெட்டி அப்பர் காத்திருந்தது. அப்பர் என்றால் பூட்சின் மேல்பாகம். அதை இங்கே தைத்து அனுப்பினால் அங்கே அடிப்பாகம் ஒட்டிக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை சோதனை. பாஸ் ஆனால் அன்றைக்கே லாரி மெட்ராஸ் ஹார்பருக்குப் புறப்படும்.

முதலாளி அப்துல் வஹாப் வியாழக்கிழமையே ஜெயகரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஜெயகரா, திங்கக்கெழம சரக்கு பாஸ் ஆச்சுன்னா ஒண்ணாந்தேதியில இருந்து நீ பர்மனெண்ட்."

நான்கு வருஷமாக டெம்பரரி. ஜெபகனியின் அக்கா புருஷன் ஜோலார்பேட்டையில் ரயில்வே. பார்க்கிற போதெல்லாம், கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், "இன்னா மாப்ள, இன்னும் டெம்பரரிதானா?" என்று நாலு பேர் நடுவில் விசாரிக்கிற மனுஷன். அந்தக் கேள்விக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் ஜெயகரனின் வாழ்க்கை லட்சியம் என்றால் அது மிகையில்லை.

"நான் இன்னா பண்ணணும் முதலாளி?"

"ஜாஸ்தி ஒண்ணும் இல்ல. பிரியாணில காரம் கம்மியா போடச் சொல்லு. எளநி வாங்கி வை. அப்புறம் நாலு பெட்டில கடேசியா வந்த தோலு. கொஞ்சம் கம்மி ரகம். வேற தோலு கெடைக்கல, இன்னா பண்றது? அந்த நாலும் தொர கண்ணுல படாம பாத்துக்கோ. நம்பர எங்கயும் எழுதித் தொலைக்காத, நெஞ்சுல எழுது. தொர மனசு குளிர்ந்து போவணும், அவ்ளோதான்."

அன்றிலிருந்து ஜெயகரன் சைக்கிள் மிதிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஜெபகனி ஞாயிறு ஆராதனைக்கு வசனம் மனப்பாடம் செய்கிறார் என்று நினைத்து, கல்யாணமாகி முதல் தடவையாகத் தன் புருஷனைப் பற்றிப் பெருமைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய துரை, முதலாளியிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, போகிற ஊரெல்லாம் இது கூட வருகிறது, தேய்ந்துபோய்விட்டது, திங்கட்கிழமைக்குள் ஒரு காப்பி எடுத்துத் தர முடியுமா என்றார். ரெகே என்று பெயராம், அவர் ஊர்ப் பாட்டு. அட்டையில் பத்துப் பாட்டும் ஒன்பது பாடகர்களின் பெயரும் இருந்தன.

முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி ஜெயகரனிடம் கொடுத்தார். "இது உன் பொறுப்பு."

ஜெயகரன் அதை பஜாரில் ரிகார்டிங் கடை வைத்திருக்கும் சத்தாரிடம் கொடுத்தான். சனிக்கிழமை மத்தியானம் காப்பியும் வந்தது. வந்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் சோற்றுக் கையோடு எழுந்தது.

கை கழுவினானா இல்லையா என்று ஜெபகனி கவனிப்பதற்குள் சைக்கிள் பஜாரில் நின்றது.

"இன்னா சார், பாட்டு சோக்கா இருந்துச்சா?" என்றான் சத்தார்.

"பாட்டா? மொதல்ல இந்தக் காப்பிய அழி. இது தொர கையில போச்சுன்னா ஆம்பூரு மானமே போய்டும்."

சத்தாரிடம் ஒரு நல்ல குணம், வாடிக்கையாளர் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டான். வாங்கினான், மெஷினில் போட்டான், அழிக்க விட்டான். அப்புறம்தான் கேட்டான்.

"இப்ப சொல்லுங்க, இன்னா தப்பு?"

"பத்து பாட்டும் ஒரே மேளம். நீ மொதப் பாட்டையே திருப்பித் திருப்பிப் புடிச்சிருக்க."

"அல்லா சத்தியமா இல்ல சார். இந்தா, ஒரிஜினல போடறேன், நீங்களே கேளுங்க."

ஒரிஜினல் ஓடியது. முதல் பாட்டு. இரண்டாவது. நாலாவது. ஒன்பதாவதில் ஒரு ஆள் பாடவே இல்லை. சந்தைக்கடையில் ஏலம் விடுகிற மாதிரி கடகடவென்று பேசிக்கொண்டே போனான். பத்தாவதில் ஆளே இல்லை, வெறும் மேளம்தான். எல்லாவற்றுக்கும் அடியில் அதே கித்தார், அதே மேளம்.

சத்தார் மெஷினை நிறுத்தினான்.

"சார்," என்றான் சத்தார் மெதுவாக. "கோளாறு நம்ம கிட்ட இல்ல. லண்டன்ல."

"அடப்பாவமே. தையல்ல ஒரு இழை வுட்டா கண்டுபுடிக்கிற மனுசன், இத கண்டுபுடிக்கல பாரு. ஒரு மேளக்காரனுக்குக் கூலி குடுத்துட்டு ஒம்பது பேர பாட வெச்சி ஏமாத்திட்டானுங்க."

"ஒரே தோலுல ஒம்பது ஜோடி வெட்டிட்டானுங்க சார்."

ஜெயகரனுக்கு உண்மையிலேயே டெல்ராய் மேல் பரிதாபம் வந்தது. இந்த இடத்தில் அவன் கேசட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னொரு காப்பி எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் துரை மனசு குளிர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தாரே.

"பாய், ஒண்ணு பண்ணு. ஒரு புது கேசட் எடு. இதுல கடேசியா வெறும் மேளம் வருது பாரு, அது ஒண்ண மட்டும் அப்படியே வெச்சிக்க. மிச்சத்துக்கு நல்லதா, வெரைட்டியா புடி. நாயனம், வீணை, கவ்வாலி, எல்லாம் கலந்து. நாளைக்குக் கோயில் முடிஞ்சி வர்றேன்."

"ஆவட்டும் சார்."

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு மூடி உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. அந்த ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டால் மறுபடியும் பதியலாம். சத்தாரின் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய கேசட்டைக் கொடுத்து அதன்மேலேயே புதுப் பாட்டு பிடித்துத் தரச் சொல்கிறவர்கள். அதனால் அவனுக்கு ஒரு பழக்கம். கையில் எந்தக் கேசட் வந்தாலும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவான். அப்புறம்தான் பெயர் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெபகனியோடு கடைக்கு வந்த ஜெயகரனிடம் சத்தார் பெருமையாகக் கேசட்டை நீட்டினான்.

"ஒம்பது வெரைட்டி சார். கேட்டா தொர ஆம்பூர வுட்டே போவ மாட்டாரு."

ஜெயகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது அவரு கேசட்டு ஆச்சே. புதுசு எங்க?"

"புதுசு இதோ..." என்று மெஷினின் மறுபக்கத்திலிருந்த கேசட்டை எடுத்தான் சத்தார். அது பளபளவென்று, ஒரு பாட்டும் இல்லாமல், கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

சத்தாரின் முகம் வெளுத்தது. துரையின் கேசட்டின் முதுகைத் தடவிப் பார்த்தான். அங்கே ஒரு துண்டுக் காகிதம் அழகாக ஒட்டியிருந்தது.

"போச்சா?" என்றான் ஜெயகரன்.

"கடேசிப் பாட்டு மட்டும் இருக்கு சார். நீங்கதானே அத வெக்கச் சொன்னீங்க."

ஜெயகரன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவன் கண் முன்னால் ஜோலார்பேட்டை வந்து நின்றது. "இன்னா மாப்ள..."

"நேத்து எடுத்த காப்பியாவது இருந்திருக்கும்," என்றாள் ஜெபகனி.

"அத சார்தான் அழிக்கச் சொன்னாரு அக்கா."

"அவரு சொல்லுவாரு."

சத்தார் துரையின் கேசட்டை மெஷினில் போட்டுக் கடைசிக்கு ஓட்டினான். மிச்சமிருந்த அந்த ஒரே பாட்டு, ஆள் இல்லாத வெறும் மேளம், தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபகனி அதைக் கேட்டபடியே காலால் தரையைத் தட்டினாள். தட்டியவள் தன்னை அறியாமல் காலையில் கோயிலில் பாடிய பாட்டின் ஒரு அடியை அதன்மேல் முனகினாள். அது மேளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

சத்தார் நிமிர்ந்து பார்த்தான்.

"சார். எல்லாத்துக்கும் மேளம் ஒண்ணுதானே?"

"அந்த வயித்தெரிச்சல இப்ப ஏன் கௌப்புற?"

"மேளம் இருக்கு சார். பாடுற ஆளுங்கதானே போய்ட்டாங்க?"

ஜெயகரனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "தமிழ்ல பாடினா கண்டுபுடிக்க மாட்டாரா?"

"கண்டுபுடிப்பாரு. எங்க? லண்டன் போயிதானே கேப்பாரு. அதுக்குள்ள சரக்கு கப்பல் ஏறியிருக்கும். நீங்க பர்மனெண்ட் ஆயிருப்பீங்க."

கடைசி வார்த்தை வேலை செய்தது.

மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை ஆரம்பமானது. கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோகிற மைக்கை சத்தார் எடுத்து வந்தான். ஒரு மெஷினில் மேளம் ஓடும், அதைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும், இன்னொரு மெஷின் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஜெபகனி மூன்று ஞானப் பாட்டு பாடினாள். கம்பெனி டிரைவர் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டார்கள். அவன் மாதா திருவிழாவுக்குப் பாடுகிற பாட்டை மேளத்துக்கு ஏற்ப இழுத்து இழுத்துப் பாடினான். சத்தார் ஒரு கவ்வாலி பாடினான். அடுத்து, ஆள் வேறு மாதிரி தெரிய வேண்டும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

ரங்கம்மாள் வந்ததும் மைக்கைப் பார்த்து, "இது கடிக்குமா?" என்றாள். அப்புறம் ஒரு நடவுப் பாட்டை எடுத்தாள் பாருங்கள், சத்தார் மெஷின் முள்ளைப் பார்ப்பதை மறந்துவிட்டான். இரண்டாவதாக அவள் பாடியது மாரடிப் பாட்டு. ஜமைக்கா மேளம் அதற்கென்றே பிறந்த மாதிரி கூடவே நடந்தது. செத்தவர் யார் என்று தெரியாமலேயே ஆரோக்கியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எட்டு ஆச்சி," என்றான் சத்தார். "ஒம்பதாவது அந்தப் பேசுற ஆளு. இங்கிலீஷ்ல கடகடன்னு பேசணும். சார், அது நீங்கதான்."

"எனக்குப் பாட்டு வராதுய்யா. கோயில்லயே இவ என்ன வாய மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கா."

"பாட வாணாம் சார். அந்த ஆளு மட்டும் பாடுனானா? எதுனா வாய்க்கு வர்றத அடிச்சி வுடுங்க. இங்கிலீஷா இருந்தா போதும்."

மேளம் ஆரம்பித்தது. ஜெயகரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முதலில் "ஹலோ, ஹலோ" என்றான். அப்புறம் வாய்க்கு வந்த இங்கிலீஷையெல்லாம் மேளத்தின் மேல் கொட்டினான். நடுவில் தோளும் குலுங்க ஆரம்பித்தது. மேளம் நின்றபோது வியர்த்து நனைந்திருந்தான்.

"யப்பா!" என்றான் சத்தார். "அப்படியே அந்த ஆளு. ஒரு அட்சரம் மாறல."

"இவருக்குள்ள இவ்ளோ இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள் ஜெபகனி. ரங்கம்மாள் தனக்கு இன்னொரு பாட்டு வேண்டுமென்று கேட்டு, கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனாள்.

துரையின் கேசட்டிலும் புதுக் கேசட்டிலும் ஒன்பது பாட்டையும் கடைசியில் வெறும் மேளத்தையும் பிடித்து முடித்தான் சத்தார். இந்த முறை இரண்டின் முதுகையும் தொட்டுப் பார்த்து மூடியை உடைத்தான்.

திங்கட்கிழமை சோதனை ஜெயகரன் பயந்த அளவுக்கு இல்லை. டெல்ராய் தானே பெட்டியைத் தேர்ந்தெடுத்துப் பிரிக்கச் சொன்னார். அவர் கை போகக் கூடாத பெட்டிப் பக்கம் போனபோதெல்லாம் ஜெயகரன் குறுக்கே வந்து இளநீர் நீட்டினான். ஒரு முறை இளநீரும் தீர்ந்துபோய், அவர் விரல் அந்த நாலில் ஒன்றின் மேலேயே பட்டுவிட்டது. நல்லவேளையாக ரங்கம்மாள் டீயோடு வந்து, கொழுந்தன் விஷயமாக ஏதோ நீளமாகக் கேட்க ஆரம்பித்தாள். அவர் தலையாட்டி முடித்தபோது எந்தப் பெட்டியைத் தொட்டோம் என்பதை மறந்திருந்தார்.

பிரித்த பெட்டியெல்லாம் சுத்தம். சரக்கு பாஸ். டெல்ராய் கையெழுத்துப் போட்டார். பிரியாணி சாப்பிட்டார். ஜெயகரன் இரண்டு கேசட்டையும் ஒரு பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோது, அவர் அவன் தோளைத் தட்டி இரண்டு தடவை நன்றி சொன்னார்.

முதலாளி எல்லோர் எதிரிலும் அவனைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணாந்தேதி ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு முதலாளி."

"தொர, ஒரு சர்ப்ரைஸ்!" என்று டெல்ராயிடம் திரும்பினார் வஹாப். "உங்களுக்காகவே நேத்து கார்ல புது கேசட் பிளேயர் மாட்டிட்டேன். ஏர்போர்ட் வரைக்கும் உங்க பாட்டையே கேட்டுக்கினு போங்க!"

ஜெயகரன் ஆரோக்கியசாமியைப் பார்த்தான். ஆரோக்கியசாமி ஸ்டியரிங்கைப் பார்த்தான். கார் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜெயகரன் சீட்டில் உட்காரவில்லை. லாரியில் பெட்டி ஏறுகிறது. ஏறட்டும், சீக்கிரம் ஏறட்டும். இப்போது மாதனூர் தாண்டியிருக்கும். இப்போது மூக்கைப் பிடித்த கவ்வாலி. ஏற்றுகிற ஆட்களிடம் போய்த் தானும் ஒரு கை கொடுத்தான். கயிறு கட்டுகிறார்கள். டிரைவர் கிளம்பப் போகிறான்.

காரின் ஹாரன் கேட்டது.

கம்பெனிக் கார் கேட்டுக்குள் திரும்பி வந்து லாரியின் மூக்குக்கு நேராக நின்றது. பின் சீட்டிலிருந்து டெல்ராய் இறங்கி நேராக லாரியின் பின்பக்கம் நடந்தார். ஆரோக்கியசாமி ஜெயகரனிடம் ஓடி வந்தான். முதலாளியும் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"கண்டுபுடிச்சிட்டாரா?" என்றான் ஜெயகரன்.

"மொதப் பாட்டுலயே கண்டுபுடிச்சிட்டாரு சார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எல்லாத்தையும் ஒத்துக்கினேன்."

"போச்சி."

"இல்ல சார், கேளுங்க. வுழுந்து வுழுந்து சிரிச்சாரு! ரங்கம்மா பாட்டுக்குச் சீட்ட தட்டித் தாளம் போட்டாரு. என் பாட்டு வந்ததும், நீயான்னு கேட்டு கைய புடிச்சிக் குலுக்கினாரு. அவங்க ஊருலயும் இப்படித்தானாம். ஒரு மேளத்தப் போட்டுட்டு யார் வேணா வந்து பாடிட்டுப் போவாங்களாம். அதுல ஏமாத்து ஒண்ணும் இல்லியாம். அப்படி மத்தவங்களும் பாடட்டும்னுதான் கடேசில மேளத்த மட்டும் வுட்டு வெக்கறதாம். அந்த ஒம்பது பாட்டும் அவரு கிட்ட வீட்டுல ரிகார்டா இருக்குதாம், இது எங்கயும் கெடைக்காதுன்றாரு."

ஜெயகரனுக்குப் போன உயிர் வந்தது. முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லையென்றாலும் துரை சிரித்தார் என்பது மட்டும் புரிந்து அவரும் சிரித்தார்.

"அப்ப இன்னாத்துக்குய்யா ஏர்போர்ட் போவாம பாதி வழியில திரும்பி வந்தீங்க?" என்றான் ஜெயகரன்.

"உங்க பாட்டுக்காகத்தான் சார். அத மட்டும் மூணு தபா திருப்பிப் போட்டுக் கேட்டாரு. அதுல நம்பர் நம்பரா நாலு பெட்டியச் சொல்லி, தொறக்காதே தொறக்காதேன்னு பாடறீங்களாமே, அந்த நாலயும் மட்டும் லாரில இருந்து எறக்கித் தொறக்கச் சொல்றாரு."